வாலை வெட்டினாலும் வகுபடாத எண்

5

பச்சையம்மா ஓடுகிறாள். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, மற்றது குப்பத்து மணலில் எங்கோ கழன்று கிடக்கிறது. கையில் கைபேசி. புடவையெல்லாம் நெத்திலிச் செதில். பின்னால் லுங்கியை மடித்துக் கட்டியபடி அவள் புருஷன் மாரியப்பன்.

"யோவ் ஆட்டோ! நிறுத்துய்யா!"

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது.

"காசிமேடு போ. வழியில கைய காட்டுறவனுக்கெல்லாம் நிக்காத. கடல்ல ஒரு போட்டு முழுவிகினு கீது!"

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். கோபப்படாதீர்கள், தொடர்கதைக்காரனுக்கு நிறுத்துவதுதான் தொழில். இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வாரப் பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவர் கதையைப் படிக்க மாட்டார், அளப்பார். கீழே ஜவுளிக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்தால் கதையின் வால் போய்விடும். ஒரு தடவை கொலைகாரன் யார் என்று சொல்லும் பத்தியே போயிற்று. வாசகர்கள் 'புதுமையான முடிவு' என்று பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அன்றிலிருந்து, வாலை வெட்டினாலும் சாகாத கதை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். கதைகளில் அகப்படவில்லை. ஓர் எண்ணில் அகப்பட்டது.

59393339.

ஐந்து கோடியே தொண்ணூற்று மூன்று லட்சத்துச் சொச்சம். இது பகா எண்: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதில் என்ன அதிசயம், பகா எண்கள் ஆயிரம் கிடக்கின்றன என்பீர்கள். இதன் கடைசி இலக்கத்தை வெட்டுங்கள். 5939333. அதுவும் பகா எண். இன்னொன்று வெட்டுங்கள், அதுவும். வெட்டிக்கொண்டே போய் வெறும் 5 மிஞ்சும்வரை ஒரு துண்டும் வகுபடாது. எட்டு இலக்கத்தில் இந்த ஜாதி எண்கள் மொத்தமே ஐந்துதான். ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆகவே இந்தக் கதைக்கும் எட்டுத் துண்டு. எந்தத் துண்டோடு நிறுத்தினாலும் கதை நிற்கும். பக்கம் கட்டுகிற ஐயா, கத்தரியோடு வாருங்கள்.

59

அன்று காலை வங்கக்கடல் ஒரு தாயின் மடிபோல—

(அடித்துவிட்டேன். கடலைத் தாய் என்று எழுதுகிறவர்கள் காசிமேட்டில் ஒருநாள் வலை இழுத்துப் பார்க்க வேண்டும்.)

அன்று காலை பச்சையம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கைபேசி அடித்தது.

இங்கே ஒரு விளக்கம். ஒவ்வொரு படகிலும் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி இருக்கிறது. ஆபத்து என்றால் அதன் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டி தன் எண்ணையும் தானிருக்கும் இடத்தையும் வானத்தைப் பார்த்துக் கத்தும். கரையில் மீட்பு மையத்தார் அந்த எண் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டுக்குப் போன் போடுவார்கள். [நிஜத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் இப்படித்தான்.]

"அம்மா, 59393339. மாரியப்பன் படகுதானே? எண்ணூருக்குக் கிழக்கேயிருந்து ஆபத்து சிக்னல் வருது. படகு கடல்ல இருக்கா?"

பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள். மாரியப்பன் பாயில் ஒருக்களித்துப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தேதி பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு, பதினேழு, இருபத்தாறு தேதிகளில் அவன் படகைத் தொட மாட்டான்.

"இல்ல சார். போட்டு காசிமேட்டுல கட்டிக்கெடக்குது. வூட்டுக்காரரு தோ, பாயில கீறாரு."

"உறுதியா சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா, தேடப் போயிருக்கிற கப்பலைத் திருப்பிடுவோம்."

"பதினேழாந்தேதில அந்தாளு கக்கூசுக்குப் போவவே யோசிப்பாரு. கடலுக்கா போவப்போறாரு? எவனோ வெளாட்டுக்கு அமுக்கிகீறான் சார். திருப்பிடுங்க."

"இந்த வாரம் இதோட எத்தனையாவது பொய்ச் சிக்னல் தெரியுமா? அது என்ன காலிங் பெல்லாம்மா, போற வர்றவன் எல்லாம் அமுக்க?"

போனை வைத்துவிட்டார். கப்பல் திரும்பியது.

வெட்ட வேண்டுமானால் இங்கே வெட்டலாம். நம் மக்களின் அலட்சியத்தைச் சாடும் அரைப்பக்கக் கதை. ஆசிரியர் குழுவுக்குப் பிடிக்கும்.

593

ஆனால் மாரியப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"எந்த நம்பரு சொன்னான்?"

"நம்ம பொட்டி நம்பருதான்யா. அஞ்சு ஒம்பது மூணு..."

"அந்தப் பொட்டி நம்ம போட்டுல இல்ல பச்ச."

"இன்னாயா சொல்ற?"

"அருளுகிட்ட குட்த்துட்டேன். அவன் பொட்டிய நான் வாங்கினேன்."

காலடிப்பேட்டையில் வரதன் என்றொரு எண்கணித நிபுணர். மேசையில் கால்குலேட்டர், சுவரில் நவக்கிரகம். படகுக்குப் பெட்டி வந்த அன்றே மாரியப்பன் அதன் எண்ணைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினான். வரதன் கூட்டினார். மொத்தம் நாற்பத்து நாலு. நாலும் நாலும் எட்டு. கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.

"சனி. இந்த எண் உன் படகுல இருக்கக் கூடாது."

ஓர் எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் கிடைப்பது வேறொன்றுமில்லை, ஒன்பதால் வகுத்த மீதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. சனி பகவான் தன் அத்தனை உக்கிரத்தோடும் ஒரு வகுத்தல் கணக்கின் மீதியில் குடியிருக்கிறார் என்றால், அவரை நினைத்து எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

வரதன் முதலில் சொன்ன பரிகாரம், கடைசியில் ஒரு 1 எழுதிக்கொள்வது. கூட்டினால் நாற்பத்தைந்து, அதாவது ஒன்பது, செவ்வாய், வீரம்! எதற்கும் வகுபடாத எண்ணைப் பிடித்து ஒன்பதால் வகுபட வைத்த பரிகாரம். [வகுத்தால் 65992599 வரும். அதையும் ஒன்பதால் வகுக்கலாம். ஒரு 1 செய்த சேதத்தைப் பாருங்கள்.] ஆனால் பெட்டியில் எட்டுக் கட்டம்தான் இருந்தது. அதனால் இரண்டாவது பரிகாரம்: பெட்டியையே மாற்று.

ராயபுரத்து அருள்பிரகாசம் மாரியப்பனின் தோஸ்து. அவன் பெட்டியின் எண் 73939133. கூட்டினால் இரண்டு, சந்திரன், அமோகம். ஆனால் அருளின் மனைவி ஃப்ளோரா அதைப் பார்த்த நாளிலிருந்து தூங்கவில்லை. எண்ணுக்குள்ளே ஒரு 13 ஒளிந்திருந்தது. இயேசுவின் கடைசிப் பந்தியில் பதின்மூன்று பேர்.

"எங்க ஆளுங்களுக்கு சனி கெடையாது மாமு. இருக்கிறது ஒரே ஒரு பெரிய வெள்ளிக்கெழம. பொட்டிய குடு" என்றான் அருள். மாற்றிக்கொண்டார்கள். தான் எதிராளியை ஏமாற்றிவிட்டதாக இருவருமே மகிழ்ந்த வியாபாரம் அது. பெயர் மாற்றிப் பதியவில்லை. பதியப் போனால் காரணம் கேட்பார்கள். 'சனி சார்' என்றா சொல்வது?

[உலகத்திலேயே ஐந்துதான் என்ற எண்களில் இரண்டு ஒரே துறைமுகத்துக்கு எப்படி வந்தன? கவனித்துவிட்டீர்கள். இதுவும் அந்த ஜாதிதான், வாலை வெட்டிப் பாருங்கள். நான்தான் வைத்தேன். வரதன் செய்ததற்கும் நான் செய்வதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நான் பலன் சொல்வதில்லை, அவ்வளவே.]

5939

இப்போது ஆட்டோவுக்குள் வாருங்கள்.

"அப்ப கடல்ல கத்திகினு கீறது அருளா?"

"அவன் விடியகாலையே பூட்டான். நேத்தே சொன்னான்."

"நான் திருப்பிடுங்கன்னு சொல்லிட்டேனேயா. என் வாயால சொல்லிட்டேனேயா."

வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தாள். 'இந்த எண்ணுக்கு அழைப்புகள் அனுமதிக்கப்படவில்லை' என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ஃப்ளோராவுக்கு அடித்தாள். மீன் ஏலக் கூச்சலில் எவள் போன் எடுப்பாள்? மகன் வெற்றிக்கு அடித்தாள். பைக் வைத்திருக்கிறானே, முன்னால் போய்ச் சொல்லட்டும். தொடர்பு எல்லைக்கு வெளியே.

"எங்கயா போனான் இவன்?"

"காலையிலயே அவன் தோஸ்து மணி வந்து இஸ்துகினு பூட்டான். ஜிம்மோ, கம்மோ."

இங்கே எனக்குப் பச்சையம்மாமேல் ஒரு சந்தேகம் வந்தது. ஃப்ளோராவுக்கும் அவளுக்கும் ஏலத்தில் கூடை வைக்கும் இடத்துக்காகத் தீராத சண்டை. இருவரும் வாய் திறந்தால் காக்கை இறங்காது. அப்படிப்பட்டவள் அந்த ஃப்ளோராவின் புருஷனுக்காக ஒரு கால் செருப்போடு ஓடுவாளா? முதல் வரைவில் அவளைச் சற்றுத் தயங்கவைத்தேன். 'அவள் உள்மனத்தில் ஒரு நொடி' என்று தொடங்கி—

இல்லை. தயங்கியவன் மாரியப்பன்.

"பச்ச, பொட்டி மாத்தினது தெரிஞ்சா போட்டு லைசென்ஸ கேன்சல் பண்ணிடுவாங்க. பொட்டி திருடு பூட்ச்சின்னு சொல்லலாம். எவன் கேக்கப்போறான்?"

பச்சையம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்க ஒருத்தன் தண்ணி குட்சிகினு கீறான். நீ இங்க குந்திகினு கத கட்டுற. கத கட்றவனுங்க எல்லாம் ஒரே ஜாதிடா. கலீஜு பசங்க."

[இந்த வசனத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

59393

காசிமேடு. படகுகள் நெருக்கியடித்து நிற்கும் துறையை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டி நேரே வயர்லெஸ் அறைக்கு ஓடினார்கள். அனிஷா என்ற பெண் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருந்தாள். மீட்பு மையத்தோடு நேராகப் பேசக்கூடியவள் அவள்தான்.

"மேடம், அது வந்து, பொட்டி..." மாரியப்பன் எச்சில் விழுங்கினான். "திருடு..."

பச்சையம்மா அவனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"மாத்திகினாங்கம்மா. எட்டு வருது, பதிமூணு வருதுன்னு ரெண்டு பேமானிங்க பொட்டிய மாத்திகினானுங்க. கத்துறது அருள்பிரகாசம் போட்டு. நான் தெரியாம திருப்பச் சொல்லிட்டேன். மறுபடி அனுப்பச் சொல்லு. லைசென்ஸ எடுத்துக்கோ, ஆள உடாத."

அனிஷா ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். கேட்டதை அப்படியே மையத்துக்குச் சொன்னாள். ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு குரல்: "எட்டு வருதுன்னா... என்னம்மா அது?"

"விளக்கமா அப்புறம் சொல்றேன் சார். கப்பலைத் திருப்புங்க."

கப்பல் மறுபடி கிழக்கே திரும்பியது.

நல்ல இடம். உண்மை வென்றது, மூடநம்பிக்கை தலைகுனிந்தது. போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசு நிச்சயம். 59393 ஒரு பகா எண். வெட்டுவதாக இருந்தால் வெட்டுங்கள்.

593933

ஃப்ளோராவிடம் எப்படிச் சொல்வது?

வரைவு ஒன்று: பச்சையம்மா அவள் காலில் விழுகிறாள். (காசிமேட்டுத் தரையில் விழுந்தால் மீன்தண்ணீரில் வழுக்கி எங்கே போய் நிற்பாள் என்று தெரியாது.)

வரைவு இரண்டு: பேசாமல் அவளை அணைத்துக்கொள்கிறாள், கண்ணீர் தாரை தாரையாக— (இதற்கு ஓவியர் படம் நன்றாகப் போடுவார். வேண்டாம்.)

நடந்தது இது. ஃப்ளோரா வவ்வால் மீன் கூடையோடு எதிரே வந்தாள். பச்சையம்மாவைக் கண்டதும் கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"வந்துட்டியா? இன்னிக்கும் எடத்துக்கு வந்துட்டியா? இந்த எடம் எங்கம்மா காலத்துலேர்ந்து..."

"ஃப்ளோரா, எடத்த நீயே வெச்சுக்க."

ஃப்ளோரா பயந்துபோனாள். அவர்கள் சண்டையின் வரலாற்றில் இப்படியொரு வாக்கியம் வந்ததே இல்லை.

"இன்னா பச்சக்கா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உன் வூட்டுக்காரரு போட்டு... எண்ணூருக்கு அப்பால... நான்தான் வாய வெச்சுகினு சும்மா இல்லாம... கப்பல மறுபடி அனுப்பிட்டாங்க. வந்துடுவாரு. ஒண்ணியும் ஆவாது."

5939333

ஃப்ளோரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி டீக்கடைப் பக்கம் கத்தினாள்.

"யோவ்! நீ முழுவிட்டியாமே!"

அருள்பிரகாசம் டீ கிளாஸோடு எழுந்து வந்தான். இன்னொரு கையில் பன்.

"யாரு சொன்னது? இன்ஜின் மக்கர் பண்ணுச்சு, விடியறதுக்குள்ள கரைக்கு வந்துட்டேன். இன்னா மாமு, பேயறஞ்ச மாதிரி நிக்குற?"

மாரியப்பன் அவனைக் கட்டிப்பிடித்தான். டீ இருவர் சட்டையிலும் கொட்டியது. பச்சையம்மா கீழே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். ஃப்ளோரா சிரித்தாள். ஐஸ் வண்டிக்காரர் விஷயம் தெரியாமலே சிரித்தார்.

வயர்லெஸ் அறை வாசலுக்கு அனிஷா ஓடி வந்தாள். ஒலிவாங்கியின் சுருள் கம்பி அவள் பின்னால் இழுபட்டது.

"இவர்தான் அருள்பிரகாசமா? அப்ப தேட வேணாமா? மையத்துல கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க!"

பக்கம் கட்டுகிற ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து இங்கே வெட்டுங்கள். ஏழு இலக்கம். அருமையான பகா எண். எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பளம், மாங்காய்த் தொக்கு, எந்த விளம்பரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

59393339

அவர் வெட்டவில்லை. இந்த வாரம் பார்த்து விளம்பரம் வரவில்லையாம்.

"அப்ப தேட வே..." என்று பச்சையம்மா ஆரம்பித்தாள்.

"ஆனா ஒண்ணும்மா," என்றாள் அனிஷா. "சிக்னல் கரையிலேர்ந்து வரல. கடல்லேர்ந்துதான் வருது. நகந்துகிட்டே இருக்கு."

சிரிப்பு நின்றது.

அவள் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் என் கடன் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். முடிவு கேட்பீர்கள். இந்த எண்ணின் வாலில் இன்னொரு இலக்கத்தை ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரட்டை எண்ணோ ஐந்தோ பூஜ்யமோ ஒட்டினால் கதை கேட்கவே வேண்டாம். 1 ஒட்டலாம்: கப்பல் நேரத்துக்குப் போய்விட்டது, படகிலிருந்தவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு கரை இறங்கினார்கள். மங்களம். ஒன்பதால் உடையும். 3 ஒட்டலாம்: ஒருவர் மட்டும் வந்தார். இருபத்து மூன்றால் உடையும். 7 ஒட்டலாம்: கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது. மூன்றால் உடையும். 9 ஒட்டலாம்: தேடப்பட்டவர்கள் தாங்களாகவே நீந்தி எண்ணூர் முகத்துவாரத்தில் கரையேறிச் சாவகாசமாக டீ குடித்தார்கள். இது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் இதுவும் உடையும். எதை ஒட்டினாலும் எண் தாங்காது. கதையும் தாங்காது. ஒட்ட விரும்புகிறவர்கள் ஒட்டிக்கொள்ளுங்கள், பசை உங்களுடையது. என்னிடம் இருப்பது, இவ்வளவு நேரம் நான் கையில் மூடி வைத்திருந்த ஒரே ஒரு விஷயம்.

"எந்தப் பொட்டி கத்துது?" என்று கேட்டாள் ஃப்ளோரா. அவளுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்துக்கொண்டிருந்தது. "அஞ்சு ஒம்பதுல ஆரம்பிக்குமே, அதுவா?"

"அதான். உங்க போட்டுல கீதே, அது" என்றான் மாரியப்பன்.

"எங்க போட்டுல ஏது? அதுதான் போன ஞாயித்துக்கெழமையே உங்க போட்டுக்குப் பூட்ச்சே." புருஷனைப் பயத்தோடு பார்த்தாள். "இவருக்குக்கூடத் தெரியாது. அந்தோணியார் திருநாளே பதிமூணாந்தேதிதான், பதிமூணுக்கு இன்னா பயம்னு எனக்கே தோணிப்போச்சு. சரி, மாத்திக்கோடான்னு குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

ஃப்ளோரா துறையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நீலமும் பச்சையுமாகப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மாரியப்பனின் மஞ்சள் படகு நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது. கட்டுத்தறியில் கட்டின கயிற்றின் மறுமுனை அதில் மிதந்துகொண்டிருந்தது.

அனிஷா ஒலிவாங்கியைப் பச்சையம்மாவின் வாயருகே நீட்டியபடி நின்றாள்.

"வெற்றிதான் வந்தான்க்கா," என்றாள் ஃப்ளோரா. "பதினேழாந்தேதி அப்பா படுத்துக்கும், நானும் மணியும் போட்ட எடுத்துகினு போவப்போறோம், பழைய பொட்டியக் குடு ஆண்ட்டின்னான். எந்தப் பொட்டியா இருந்தா இன்னாடா, கத்தறது கத்தத்தானே போவுதுன்னேன். 'இல்ல ஆண்ட்டி, அதுலதான் எங்கம்மா போன் நம்பரு கீது. எனக்கு எதுனா ஆச்சுன்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. எங்கம்மா சும்மா உடாது'ன்னான்."